பிடி கொடுத்துத் தொடங்கும் ஆட்டம்

பாரிஸ், 2024 செப்டம்பர் 5. ஈஃபில் கோபுரத்தை ஒட்டிய ஷாம்ப் து மார்ஸ் அரங்கத்தில் இரண்டு ஜூடோ வீரர்களைக் கைபிடித்து விரிப்பின் நடுவுக்கு அழைத்து வருகிறார்கள். ஒருவர் வெள்ளை உடையில், இன்னொருவர் நீல உடையில். இருவர் சட்டைக் கைகளிலும் சிவப்பு வட்டம். பார்வை அறவே இல்லாத, அல்லது ஏறக்குறைய இல்லாத வகுப்பைச் சேர்ந்தவர்கள் என்பதற்கான அடையாளம் அது. நடுவர் இருவரையும் எதிரெதிரே நிறுத்துகிறார். ஒரு கை எதிராளியின் கழுத்துப்பட்டியில், மறு கை அவருடைய சட்டைக் கையில். இரண்டு பேரும் ஒருவரையொருவர் சரியாகப் பிடித்துக்கொண்டார்கள் என்று பார்த்த பிறகுதான் 'ஹஜிமே' என்ற குரல் எழுகிறது. ஆட்டம் தொடங்குகிறது.

60 கிலோ எடைப் பிரிவில், வெண்கலப் பதக்கத்துக்காக அன்று நின்றவர் மத்தியப் பிரதேசத்தின் கபில் பர்மார். வயது 24. எதிரே பிரேசிலின் எலியெல்டன் டி ஒலிவெய்ரா. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, 'இப்பான்' எடுத்துவிட்டார் கபில். இப்பான் என்றால் அதற்கு மேல் ஆட்டம் கிடையாது. பலகையில் 10–0. பாராலிம்பிக் ஜூடோவில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது. ஒலிம்பிக்கையும் சேர்த்துக்கொண்டு தேடினாலும், இந்தியா ஜூடோவில் வாங்கிய முதல் பதக்கம் அதுதான்.

அந்த வாரம் தமிழ்நாட்டுக்குக் கொண்டாட வேறு பெயர்கள் இருந்தன. பாட்மிண்டனில் துளசிமதி முருகேசன் வெள்ளி, மனீஷா ராமதாஸும் நித்யஸ்ரீ சிவனும் வெண்கலம், உயரம் தாண்டுதலில் மாரியப்பன் தங்கவேலு வெண்கலம். நான்கும் நமக்குப் பெருமை. ஆனாலும் தென்காசி மாவட்டத்துக்கு, அதிலும் பாவூர்சத்திரம் போன்ற ஓர் ஊருக்கு, கையில் எடுத்து உடனே பயன்படுத்தக்கூடிய பாடம் கபிலின் வெண்கலத்தில்தான் இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

பார்வையில்லாத பிள்ளை ஒரு விளையாட்டுக்குள் வர வேண்டுமென்றால், பெரும்பாலும் அந்த விளையாட்டையே மாற்றியாக வேண்டியிருக்கிறது. கிரிக்கெட் என்றால் உள்ளே குலுங்கிச் சத்தம் போடும் பந்து வேண்டும். ஓட்டம் என்றால் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுவதற்குப் பார்வையுள்ள ஒருவர் வேண்டும். ஜூடோவில் அப்படி எதுவும் தேவையில்லை. அதே விரிப்பு, அதே உடை, அதே வீச்சுகள், அதே 4 நிமிடம். பெரிய வேறுபாடு ஒன்றுதான். பார்வையுள்ளவர்கள் விலகி நின்று, பிடிக்காகப் போராடித் தொடங்குவார்கள். பார்வையற்றோர் ஆட்டத்தில் பிடித்த பிடியோடு தொடங்க வேண்டும். இடையில் இருவர் பிடியும் முழுதாக விட்டுப்போனால் நடுவர் நிறுத்தி, நடுவுக்கு அழைத்து வந்து, மறுபடி பிடிக்க வைப்பார்.

ஏன் இது போதுமானதாக இருக்கிறது? ஒருமுறை பிடித்துவிட்டால் ஜூடோவில் கண்ணுக்கு வேலை குறைவு. எதிராளி எந்தக் காலில் எடையை ஊன்றியிருக்கிறார், எப்போது முன்னால் வரப் பார்க்கிறார், எந்த நொடியில் உடம்பு இறுகுகிறது என்பதெல்லாம் சட்டையைப் பற்றியிருக்கும் விரல்கள் வழியாகத்தான் தெரியும். பார்வையுள்ள வீரர்களே பயிற்சியில் கண்ணை மூடிக்கொண்டு ஆடிப் பார்ப்பதுண்டு. அதனால் பார்வையுள்ள பிள்ளையும் இல்லாத பிள்ளையும் ஒரே விரிப்பில், ஒரே பயிற்சியாளரிடம், ஜோடி சேர்ந்து கற்றுக்கொள்ள முடியும். இப்படிச் சொல்லக்கூடிய விளையாட்டுகள் வேறு எத்தனை இருக்கின்றன?

பாவூர்சத்திரத்துக்காரர்களுக்கு இந்த வித்தையின் உள்ளிருப்பதைப் புரியவைக்கப் புத்தகம் வேண்டாம். காமராஜர் தினசரிச் சந்தைக்கு விடியுமுன் போனால் போதும். கீழப்பாவூர், ஆலங்குளம், கடையம் பக்கமிருந்து வந்த காய்கறி மூட்டைகள் புளியரை வழியாகக் கேரளத்துக்குப் போகும் லாரிகளில் ஏறிக்கொண்டிருக்கும். சுமை தூக்குகிறவர் மூட்டையைக் கை பலத்தால் தூக்குவதில்லை. முழங்காலை மடக்கி, மூட்டைக்கு அடியில் இடுப்பையும் முதுகையும் கொடுத்து, நுனியைப் பற்றி ஓர் இழுப்பு இழுக்கிறார். மூட்டை தானாகவே ஏறி வந்துவிடுகிறது. 'செயோய் நாகே' என்று ஜூடோவில் ஒரு வீச்சு இருக்கிறது. எதிராளியை முதுகில் ஏற்றி முன்பக்கமாக வீழ்த்துவது. அதில் நடப்பதும் இதேதான். தன்னைவிடக் கனத்த ஆளை ஒல்லியான பெண் ஒருத்தி தூக்கிப் போடுகிறாள் என்றால் அங்கே வேலை செய்வது முழங்கால் மடக்கும் சரியான நேரத்து இழுப்பும்தான்.

ஒல்லியான ஓர் ஆசிரியர்

இந்த வித்தையை வகுத்தவரும் அப்படிப்பட்ட ஒல்லி உடம்புக்காரர். ஜிகோரோ கானோ, ஜப்பானியக் கல்வியாளர். இளவயதில் உடல் பலமுள்ளவர்களின் சீண்டலுக்கு ஆளானவர். ஜுஜுட்சு என்ற பழைய ஜப்பானியச் சண்டை முறைகளைக் கற்று, அவற்றில் ஆளைக் கொல்லக்கூடியவற்றைக் கழித்து, பள்ளிப் பிள்ளைகளும் பழகக்கூடிய ஒழுங்காக மாற்றினார். 1882-ல் டோக்கியோவில் எய்ஷோஜி என்ற பௌத்தக் கோயிலின் ஓர் அறையில் கொஞ்சம் மாணவர்களோடு அவருடைய பள்ளி தொடங்கியது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ இடம்பிடித்தது. பெண்கள் பதக்கத்துக்காக ஆட 1992 பார்சிலோனா வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பாராலிம்பிக்கில் ஆண்களுக்கு 1988 சியோலில், பெண்களுக்கு 2004 ஏதென்ஸில்.

இந்தியாவுக்கு ஜூடோ புதிதும் இல்லை. 1929-லேயே ரவீந்திரநாத் தாகூர் ஷின்ஸோ தகாகாகி என்ற ஜப்பானிய ஆசிரியரைச் சாந்திநிகேதனுக்கு வரவழைத்து, மாணவிகளுக்கும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கச் செய்தார். கவிஞர் ஒருவர் ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பே பெண் பிள்ளைகளுக்கு இது வேண்டும் என்று கண்டுகொண்டார். நாம் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

1986 சியோல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஜூடோ முதன்முதலாகச் சேர்க்கப்பட்டபோது இந்தியா 4 வெண்கலம் வென்றது. நல்ல தொடக்கம். அதன் பிறகு வளர்ச்சி மெதுவாகிவிட்டது. 2012 லண்டன் முதல் 2024 பாரிஸ் வரை நான்கு ஒலிம்பிக்கிலும் இந்தியாவின் சார்பில் ஜூடோவுக்குத் தலா ஒருவர்தான் போனார்கள். கரிமா சௌத்ரி, அவதார் சிங், சுஷீலா தேவி, துலிகா மான். நால்வரும் முதல் ஆட்டத்திலேயே வெளியேறினார்கள். ரியோவில் அவதார் சிங்கை வென்ற போபோலே மிசெங்கா, காங்கோ நாட்டுப் போரிலிருந்து தப்பி பிரேசிலில் அடைக்கலம் புகுந்தவர், அகதிகள் அணியின் வீரர். நாடே இல்லாத ஒருவருக்கு விரிப்பும் பயிற்சியாளரும் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அவர் சாட்சி.

காமன்வெல்த் போட்டிகளில் கதை வேறு. 2014 கிளாஸ்கோவில் இந்தியாவுக்கு 2 வெள்ளி, 2 வெண்கலம். 2022 பர்மிங்ஹாம் போட்டியில் சுஷீலா தேவிக்கும் துலிகா மானுக்கும் வெள்ளி, விஜய்குமார் யாதவுக்கு வெண்கலம். சுஷீலா மணிப்பூர்ப் பெண். சிறு வயதிலேயே தந்தையை இழந்த துலிகாவை, டெல்லி போலீஸில் பணிபுரிந்த தாய் தனியாக வளர்த்தார். விஜய் வாரணாசிப் பக்கத்துக் கிராமத்துக்காரர். 2026 கிளாஸ்கோ காமன்வெல்த் பட்டியலிலிருந்து மல்யுத்தமும் ஹாக்கியும் பாட்மிண்டனும் நீக்கப்பட்டன. ஜூடோ நீடிக்கிறது. ஆகவே பதக்கக் கணக்குப் பார்க்கிறவர்களுக்கும் ஜூடோவின் பக்கம் திரும்ப இப்போது காரணம் இருக்கிறது.

மேலே சொன்ன இந்திய ஜூடோ வீரர்களின் பெயர்களில் ஒன்றுகூடத் தமிழ்நாட்டுப் பெயர் இல்லை.

உடம்பில் குறையில்லை. தென் மாவட்டங்களில் கபடி ஆடாத ஊர் எது? 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற கபடி அணியில் தூத்துக்குடி மாவட்டத்து மனத்தி கணேசன் இருந்தார், மறு ஆண்டே அர்ஜுனா விருதும் பெற்றார். எதிராளியின் காலை, இடுப்பை, மூச்சைப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் நம்மிடம் ஏராளம். கபடிக்குக் கோடு கிழித்த மண் போதும். ஜூடோவுக்கு விரிப்பு வேண்டும். குறை அங்கேதான் இருக்கிறது.

மூவர்

கபில் பர்மார் பிறக்கும்போது பார்வையோடுதான் பிறந்தார். ஊர் சேஹோர் மாவட்டத்துக் கிராமம். சிறுவயதில் வயலில் தண்ணீர் மோட்டாரைத் தொட்டபோது மின்சாரம் தாக்கியது. ஆறு மாதம் நினைவில்லாமல் கிடந்தார் என்கிறார்கள். உயிர் பிழைத்தார், பார்வை படிப்படியாகப் போனது. தந்தை டாக்சி ஓட்டுகிறவர். குடும்பத்துக்காகக் கபில் தன் அண்ணனோடு டீக்கடையில் நின்றார். பம்புசெட் இல்லாத தோட்டம் இல்லாத நம் வட்டாரத்தில் இந்த விபத்தை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஈரக் கையோடு மோட்டார் ஸ்விட்சைத் தொட்ட கதை எத்தனை வீட்டில் இருக்கிறது!

ஜூடோவை அவர் பார்வை இருந்த காலத்திலேயே விரும்பியவர். கண் போன பிறகும் விடவில்லை. 2023-ல் ஹாங்ஜௌவில் நடந்த ஆசியப் பாரா விளையாட்டுப் போட்டியில் வெள்ளி, அடுத்த ஆண்டு பாரிஸில் வெண்கலம், பிறகு அர்ஜுனா விருது. பாரிஸில் அரையிறுதியில் ஈரான் வீரரிடம் 0–10 என்று தோற்று, அதே நாளில் திரும்ப வந்து வெண்கலத்துக்கு ஆடி ஜெயித்தவர் என்பதை நான் பெரிதாக நினைக்கிறேன். காலையில் ஓர் ஆட்டம், அப்புறம் ஒரு தோல்வி, மனதைத் தேற்றிக்கொள்ளச் சில மணி நேரம், உடனே வாழ்க்கையின் மிகப் பெரிய ஆட்டம். ஜூடோவில் ஓர் எடைப் பிரிவு முழுவதும் ஒரே நாளில் முடிந்துவிடும். தோற்றவனுக்கு அழுவதற்குக்கூட நேரம் கிடைக்காது.

இரண்டாமவர் பிரேசிலின் அந்தோனியோ தெனோரியோ. 13 வயதில் நண்பர்களோடு உண்டிவில் விளையாட்டு. ஆமணக்கு விதை ஒன்று பறந்து வந்து இடது கண்ணில் பட்டது. அந்தக் கண் போயிற்று. சில ஆண்டுகள் கழித்து நோய்த் தொற்றில் மற்றக் கண்ணும் போயிற்று. 1996 அட்லாண்டா, 2000 சிட்னி, 2004 ஏதென்ஸ், 2008 பெய்ஜிங் என்று தொடர்ந்து நான்கு பாராலிம்பிக்கில் ஜூடோ தங்கம் வென்றார். அதற்குப் பிறகும் லண்டனில் வெண்கலம், ரியோவில் வெள்ளி. ரியோவில் ஆடியபோது அவருக்கு வயது 45. கபில் பாரிஸில் வென்ற எலியெல்டன், இந்தத் தெனோரியோவைப் பார்த்து வளர்ந்த நாட்டிலிருந்து வந்தவர். பிரேசிலுக்கு அப்படி ஒரு மரபு இருக்கிறது. நமக்கு அது இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.

மூன்றாவது பெயர் ஜானகி கோட். மத்தியப் பிரதேசத்தின் ஜபல்பூர் மாவட்டக் கிராமத்துப் பெண். சிறு வயதில் அம்மை கண்டு பார்வை போனது. அந்த மாநிலத்தில் தொண்டு நிறுவனங்கள் சில சேர்ந்து, பார்வையற்ற பெண்களுக்குத் தற்காப்புக்காக ஜூடோ சொல்லிக்கொடுக்கத் தொடங்கின. பதக்கம் என்ற எண்ணமே முதலில் கிடையாது. தனியாக இருக்கும்போது எவனாவது கையைப் பிடித்தால் உதறிவிட்டு வரத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். பிடித்த பிடியிலிருந்து தொடங்கும் கலை என்பதால் இதற்கு ஜூடோ கச்சிதமாகப் பொருந்தியது. அங்கே கற்ற ஜானகி 2017-ல் தாஷ்கண்டில் நடந்த பார்வையற்றோருக்கான ஆசிய, ஓசியானியப் போட்டியில் வெண்கலம் வாங்கி வந்தார்.

என்னைக் கேட்டால் மூவரில் நமக்கு மிக அருகில் இருப்பவர் ஜானகிதான். கபில் போல, தெனோரியோ போல எல்லாரும் ஆக முடியாது. ஆனால் பார்வையில்லாத எந்தப் பெண் பிள்ளையும் பயமில்லாமல் பஸ் நிறுத்தத்தில் நிற்க வேண்டும் என்பது நியாயமான ஆசை. பெற்ற தாய்க்கு அதைவிடப் பெரிய பதக்கம் எது?

விழக் கற்றல்

ஜூடோவில் முதல் பாடம் வீழ்த்துவது கிடையாது, விழுவது. முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டில் எப்படி விழுந்தாலும் தலை தரையில் மோதாமல் தாடையை நெஞ்சோடு ஒட்டிவைத்து, கையால் விரிப்பை அறைந்து, அதிர்ச்சியைப் பரவவிடும் பயிற்சி. வாரக்கணக்கில் இதையே செய்ய வைப்பார்கள். பார்வையில்லாத பிள்ளைக்கு இந்தப் பாடம் அன்றாடத்துக்கே உதவும். வாய்க்கால் ஓரம், உடைந்த படி, திறந்து கிடக்கும் சாக்கடை மூடி, நான்குவழிச் சாலையின் உயர்ந்த விளிம்பு என்று விழுவதற்கு ஊரில் ஆயிரம் இடம் இருக்கிறது. அடிபடாமல் விழத் தெரிந்த பிள்ளை வீட்டை விட்டு வெளியே கிளம்பத் தயங்காது.

நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போகக் கூடாது. தவறாகக் கற்பித்தால் ஜூடோ ஆளைக் கொல்லும். ஜப்பானிலேயே 1983-க்குப் பிறகான சுமார் 30 ஆண்டுகளில் பள்ளி ஜூடோவில் நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் உயிரிழந்தார்கள். பெரும்பாலும் தலைக் காயம். விழக் கற்றுக்கொள்ளாத புதுப் பிள்ளைகளைப் பெரியவர்கள் முரட்டுத்தனமாகத் தூக்கிப் போட்டது ஒரு முக்கியக் காரணம். ஜூடோ பிறந்த நாட்டிலேயே இப்படியென்றால் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்? ஆகவே ஒன்றைக் கறாராகச் சொல்கிறேன். முறையாகத் தேர்ச்சி பெற்ற பயிற்சியாளர் இல்லாமல் யாரும் தொடங்க வேண்டாம். யூடியூப் பார்த்துச் சொல்லிக்கொடுக்க வருகிறவரிடம் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. சில கண் நோய்களில் விழித்திரை பிரிந்துவிடும் ஆபத்து இருக்கிறது. கண் அழுத்த நோய் இருந்தாலும் கவனம் வேண்டும். மிச்சமிருக்கும் கொஞ்சப் பார்வையை விளையாட்டில் இழந்துவிடக் கூடாது. கண் மருத்துவரிடம் காட்டி, ஆடலாம் என்று எழுத்தில் வாங்கிய பிறகே விரிப்பில் இறக்க வேண்டும். திருநெல்வேலி வரை போனால் நல்ல கண் மருத்துவமனைகள் இருக்கின்றன.

விரிப்பு எங்கே?

பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளி 19-ம் நூற்றாண்டின் கடைசியில், ஆஸ்க்வித் என்ற மிஷனரிப் பெண்மணியின் முயற்சியில் உருவானது. அந்தக் காலத்தில் தமிழ்நாட்டின் வேறு பகுதிகள் நினைத்துக்கூடப் பார்க்காததைத் தாமிரபரணிக் கரை செய்துகாட்டியது. தென்காசிப் பக்கத்துப் பெற்றோர் இன்றைக்கும் பார்வையில்லாத பிள்ளையைப் படிக்க வைக்க வேண்டுமென்றால் பாளையங்கோட்டையைத்தான் முதலில் நினைக்கிறார்கள். எழுத்தும் படிப்பும் அங்கே கிடைக்கிறது. விடுமுறைக்கு ஊருக்கு வந்த பிள்ளை என்ன செய்கிறது? திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. அம்மா பீடித் தட்டை மடியில் வைத்து இலை சுருட்டிக்கொண்டிருப்பாள். கூடப் பிறந்தவர்கள் விளையாடப் போயிருப்பார்கள். சாரல் காலத்தில் ஊரே குற்றாலத்துக்குக் கிளம்பினாலும், வழுக்கும் என்று சொல்லி அந்தப் பிள்ளையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனால் அந்த அன்பு பிள்ளையின் கால்களைக் கட்டிப்போடுகிறது.

போட்டிக்கான ஜூடோ களம் குறைந்தது 8 மீட்டருக்கு 8 மீட்டர், சுற்றிலும் பாதுகாப்புக்குக் கொஞ்சம் இடம். பயிற்சிக்கு அதில் பாதி இருந்தாலும் தொடங்கலாம். ஒரு நடுத்தரக் கல்யாண மண்டபத்தின் கூடம் தாராளமாகப் போதும். பள்ளியில் மழைக்கு ஒதுங்கும் கூடம் இருந்தாலும் போதும். விரிப்புகள் ஒருமுறைச் செலவு, நன்றாகப் பராமரித்தால் பல ஆண்டு உழைக்கும். உடைக்கும் பயிற்சியாளரின் சம்பளத்துக்கும்தான் தொடர்ந்து பணம் வேண்டும்.

2024 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு பாராலிம்பிக் பதக்கம் வென்ற நால்வருக்கும் சேர்த்து 5 கோடி ரூபாய் கொடுத்தது. அவர்கள் பட்ட பாட்டுக்கு அந்தப் பணம் தகும், ஒரு ரூபாய்கூடக் குறைக்க வேண்டாம். என் கேள்வி அதற்கு முந்தைய காலத்தைப் பற்றியது. பதக்கம் வாங்கி வந்த பிறகு கோடியில் கொடுக்கும் அரசு, பதக்கம் என்ற சொல்லையே கேள்விப்படாத பிள்ளைக்கு முன்கூட்டியே லட்சத்தில் கொடுத்தால் என்ன? தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் இருக்கிறது. 2023-ல் தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை இருக்கிறது. 2019 நவம்பரில் தனி மாவட்டமான தென்காசிக்குச் சொந்தமாக மாவட்ட நிர்வாகம் இருக்கிறது. வழிகள் இல்லாமல் இல்லை, கேட்பதற்குத்தான் ஆள் வேண்டும்.

கேட்க வேண்டியவர்கள் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பார்வையில்லாத பிள்ளையைப் பெற்றவர்கள் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டை வாங்கும்போதே, விளையாட்டுக்கு என்ன ஏற்பாடு என்று மனுவில் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். பத்து மனு சேர்ந்தால் அது கோரிக்கையாகிவிடும். பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் கழகங்கள் ஒரு கூடத்தை மாலை நேரத்துக்கு ஒதுக்கித் தரலாம். கொடைவிழாவுக்கு அள்ளிக் கொடுக்கும் சந்தை வியாபாரிகளுக்கு இருபது பிள்ளைகளின் ஜூடோ உடை பெரிய தொகை ஆகாது. பார்வையுள்ள பிள்ளைகளைப் பெற்றவர்கள் தங்கள் பிள்ளைகளையும் அதே விரிப்புக்கு அனுப்ப வேண்டும். இது மிக முக்கியம். ஜோடி இல்லாமல் ஜூடோ இல்லை. பார்வையில்லாத பிள்ளைகளை மட்டும் தனியே ஒதுக்கி நடத்தும் வகுப்பு, எதிராளிகள் போதாமல் சில மாதங்களில் நின்றுவிடும்.

அடுத்த கோடைக்காலப் பாராலிம்பிக் 2028-ல் லாஸ் ஏஞ்சலிஸில் நடக்கிறது. ஜூடோ அதிலும் உண்டு. அதற்குள் தென்காசி மாவட்டத்தில் ஓர் ஊரிலாவது விரிப்பு போடுங்கள், தேர்ந்த பயிற்சியாளரை அமர்த்துங்கள், சேரும் பிள்ளைகளின் பதிவேட்டில் பார்வையில்லாத பிள்ளைகளின் பெயர்களை முதலில் எழுதுங்கள். அந்த ஊர் பாவூர்சத்திரமாக இருக்கட்டும்.